மலையில்லாத இடத்தில் வெட்டிய கான்

ஹியூபேட்டின் கந்தோரில் புதிதாகச் சேருகிற எவருக்கும் முதல் நாள் ஒரே பரீட்சைதான். வானத்தில் சுற்றும் செய்மதி எடுத்த கொழும்புப் படத்தைக் கணினித் திரையில் விரித்துவிட்டு, "எங்க, உம்மட வீட்டக் கண்டுபிடியும் பாப்பம்" என்பார். பிறகு பிளேன்ரீயைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய்க் கடலைப் பார்த்தபடி நிற்பார். சொந்த வீட்டைக் கண்டுபிடிக்கத் தெரியாதவனுக்குக் காட்டைக் கண்டுபிடிக்க வராது என்பது மனிதரின் சித்தாந்தம்.

கந்தோர் வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றின் மாடிவீட்டில் இருந்தது. ரயில் போகும்போதெல்லாம் திரையில் இருக்கும் இலங்கை கொஞ்சம் நடுங்கி நிற்கும். அங்கே நடந்த வேலையை வெளியே சொன்னால் நம்புகிறவர்கள் குறைவு. நாட்டின் காடுகளில் எவ்வளவு மரம் இருக்கிறது, அதன் எடை என்ன, அந்த எடை கூடுகிறதா குறைகிறதா என்று வானத்திலிருந்தே நிறுத்துப் பார்க்கிற வேலை. உயிர்த்திணிவு என்று அதற்குப் பெயர். ஒரு மரத்தையும் வெட்டாமல், தராசும் இல்லாமல், படத்தின் நிறத்தை வைத்துக்கொண்டு ஹெக்டேயருக்கு இத்தனை தொன் என்று சொல்லிவிடுவார்கள். சும்மா இல்லை. போகக்கூடிய காடுகளுக்குள் ஆள் போய், மரங்களின் சுற்றளவை நெஞ்சுயரத்தில் அளந்து வந்து, அந்தக் கணக்கைப் படத்தின் நிறத்தோடு பொருத்திப் பார்த்துத்தான் சொல்வார்கள். போகமுடியாத காட்டுக்குப் போகமுடிந்த காட்டின் கணக்கையே இரவல் கொடுப்பார்கள். அது இரண்டாயிரத்தோராம் ஆண்டு, வடக்கே யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். போகமுடியாத காடு எது என்று அன்றைக்கு யாரும் கேட்கமாட்டார்கள்.

அந்தப் படங்களில் இலை பச்சையாக இருக்காது, சிவப்பாக இருக்கும். நம் கண்ணுக்குப் படாத ஓர் ஒளியை உயிருள்ள இலை அள்ளி எறிகிறதாம். அதைப் பார்க்கிற மாதிரிக் காட்டச் சிவப்புப் பூசுகிறார்கள். கொழும்பு முழுக்கச் சாம்பல் நிறம். சிவப்பு என்று ஏதாவது இருந்தால் அது பெரிய பூங்கா, அதைவிட்டால் பொரளைக் கனத்தை மயானம். "கொழும்பில செத்த ஆக்கள்தான் நல்ல இடத்தில இருக்கினம்" என்று ஹியூபேட் ஒவ்வொரு புது ஆளிடமும் சொல்லுவார். ஒவ்வொரு தடவையும் தானே முதலில் சிரிப்பார். அங்கே வேலை செய்த மஜீட் தன் பரீட்சையில் மாளிகாவத்தையைத் தேடிப்பிடித்து ஒரேயொரு கட்டத்தில் விரலை வைத்து, "இதுக்குள்ளதான் சேர் எங்கட ஃப்ளாட், உம்மா, வாப்பா, சாச்சாமார் எல்லாரும் ஈக்கிற" என்றானாம். அதுவும் பொய்யில்லை. படத்தின் ஒரு கட்டம் தரையில் முப்பது மீற்றருக்கு முப்பது மீற்றர்.

இராமலெட்சுமி பரீட்சையைச் சுலபமாகப் பாஸ் பண்ணினாள். கொலன்னாவையின் எண்ணெய்த் தாங்கிகள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. அங்கிருந்து துறைமுகத்தின் கல்லணையைப் பிடித்து, கொட்டாஞ்சேனைக்கு வந்து, "இந்தா சேர், இதுதான்" என்று காட்டினாள். ஹியூபேட்டுக்குச் சந்தோஷத்தில் ஒரே புளுகம். அவரும் கொட்டாஞ்சேனைதான். "கோயில் மணி கேக்கிற தூரம்" என்று சொல்லி அவளை அன்றைக்கே வன்னிப் பகுதிப் படங்களுக்குப் பொறுப்பாகப் போட்டுவிட்டார்.

அவள் காட்டியது பொய்யல்ல. அப்பா சுடலைமுத்துவும் அம்மா பழனியம்மாவும் அவளும் கொட்டாஞ்சேனையில் ஓர் அறையும் சமைக்கக் குசினியுமாக வாடகைக்கு இருந்தார்கள். அப்பா புறக்கோட்டை மொத்தக் கடையொன்றில் மூட்டைகளைப் பார்த்துக்கொள்வார். அம்மா இடியப்பம் அவித்து வீடுகளுக்குக் கொடுப்பார். அடையாள அட்டையில் பிறந்த இடம் ஒரு தேயிலைத் தோட்டம், இருக்கும் இடம் கொழும்பு பதின்மூன்று. இரண்டும் சரி. இடையில் எட்டு வருடம் இருந்தது. அதை மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

எழுபத்தேழு கலவரத்தில் தோட்டத்தில் அவர்கள் குடியிருந்த லயத்தை எரித்தபோது, முப்பது குடும்பங்கள் கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு வடக்கே வன்னிக்கு இறங்கின. இராமலெட்சுமிக்கு அப்போது மூன்று வயது. காட்டை வெட்டி, குடிசை போட்டு, கச்சானும் உளுந்தும் விதைத்து, அந்த இடத்துக்குப் புதுத்தோட்டம் என்று பெயரும் வைத்தார்கள். தேயிலைச் செடி ஒன்றுகூட இல்லாத ஊருக்குத் தோட்டம் என்று பெயர் வைக்க அவர்களால்தான் முடியும். எண்பத்தைந்தில் அங்கிருந்தும் அடித்து விரட்டப்பட்டார்கள். காணி உறுதி கிடையாது, கிராமசேவகர் பிரிவில் பெயர் கிடையாது. கொழும்பில் தமிழ்ப் பெண்ணொருத்தியின் பெயரோடு வன்னி என்ற சொல் சேர்ந்தாலே பொலிஸின் நாலாம் மாடியில் கூப்பிட்டு விசாரிப்பார்கள். அவளோ வன்னியை வானத்திலிருந்து எடுத்த படங்களோடு வேலை செய்கிறவள். ஆகவே அந்த எட்டு வருடத்தையும் விழுங்கிக்கொண்டாள். கந்தோரில் அவர்களுடைய பேச்சில் "ஓம் சேர்", வீட்டில் தோட்டத்துப் பேச்சில் "ஆமாப்பா". அவ்வளவுதான் சிரமம்.

ஆனால் வன்னிப் படம் கைக்கு வந்த பிறகு சும்மா இருக்க முடியுமா? எவராலும் முடியாது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் கீழே போனதும் அவள் தன் உண்மையான பரீட்சையை எழுத உட்கார்ந்தாள். குளத்தைக் கண்டுபிடித்தாள். பக்கத்துப் பெரிய ஊரின் வயல்களைக் கண்டுபிடித்தாள். குளத்துக்கு வடக்கே, புதுத்தோட்டம் இருக்கவேண்டிய இடத்தில், இரத்தச் சிவப்பாகக் காடு நின்றது.

சரி, பதினாறு வருடத்தில் காடு வளராதா என்று நினைத்தாள். பழைய படத்தை எடுத்தாள். திட்டத்தில் எல்லா இடத்துக்கும் இரண்டே படங்கள். ஒன்று எழுபத்தாறில் எடுத்தது, கொஞ்சம் மங்கல். மற்றது போன வருடத்து ஆடி மாதம் எடுத்தது. முதலாவதில் இருந்து இரண்டாவதைக் கழித்தால் எங்கே காடு போனது, எங்கே வந்தது என்று தெரிந்துவிடும். எழுபத்தாறிலும் அங்கே காடுதான். இருக்காதா பின்னே, அவர்கள் வந்ததே அடுத்த வருடம்தானே. கணினி இரண்டையும் பார்த்துவிட்டு, ஆளின் கை படாத முதுகாடு, மாற்றம் எதுவும் இல்லை, எடை மிக அதிகம் என்று எழுதியிருந்தது.

முப்பது குடும்பம், ஒரு கொட்டில் பள்ளிக்கூடம், எட்டு வருடத்துச் சாப்பாடு, நாலு சாவு, பதினொரு பிள்ளைப்பேறு. எல்லாம் இரண்டு படங்களுக்கு நடுவே நடந்து முடிந்துவிட்டது. வானத்துக்கு அது தெரியவே தெரியாது. இராமலெட்சுமிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

ஏனென்றால் அந்த வரி எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். கை படாத முதுகாடு என்று வரைபடத்தில் வருகிற இடங்களை எல்லாம் அரசாங்கத் திணைக்களம் ஒன்று எல்லைக்கல் போட்டுப் பாதுகாக்கப் போகிறது. யுத்தம் எப்போது முடிந்தாலும், அந்தக் கல்லுக்குள் போய் ஒருவரும் ஒரு தடி ஊன்ற முடியாது. உறுதியுள்ளவனாவது வழக்குப் போடுவான். உறுதியில்லாதவன் என்ன சொல்லுவான்? நாங்கள் இங்கே இருந்தோம் என்று சொல்லுவான். இருக்கவில்லை என்று படம் சொல்லும். வரைபடம் அந்த மாதக் கடைசியில் போகவேண்டும்.

காடு நல்லதுதான். அவளே காட்டை நிறுத்துப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள். ஆனால் இருந்ததை இருக்கவில்லை என்று சொல்வதை அவளால் தாங்க முடியவில்லை. அதைவிட அவளை அரித்தது வேறொன்று. எட்டு வருடம் வெட்டிக் கொத்தி எரித்த நிலத்தில் ஒரு தழும்புகூட மிஞ்சாதா? காடு அவ்வளவு சுத்தமாகவா மூடிவிடும்? அப்படி மூடியிருந்தால் அந்தக் காட்டைப் பாராட்டத்தான் வேண்டும். மூடியிருக்கிறதா என்று பார்த்துவிடுவது என்று தீர்மானித்தாள்.

சிவப்புக்கு ஓர் எல்லை உண்டு என்பது அவளுக்குத் தெரிந்த விஷயம். இலை ஓரளவுக்கு மேல் அடர்ந்துவிட்டால் பதினைந்து வயதுக் காடும் முந்நூறு வயதுக் காடும் ஒரே சிவப்பாகத்தான் தெரியும். நிறத்தை நம்பிப் பயனில்லை. கோடு ஏதாவது இருக்கிறதா என்று தேடவேண்டும். அப்போதுதான் அவளுக்குத் தன் கைவேலை ஞாபகம் வந்தது. படத்தைக் கடைசி வடிவத்துக்குக் கொண்டுவருவதற்கு முன் அவள்தான் எல்லாப் பகுதிகளையும் கணினியில் ஒரு வடிகட்டியில் போட்டு வடிப்பாள். தனியாக நிற்கிற கட்டம் எதுவும், சுற்றியிருக்கிற கட்டங்களின் நிறத்துக்கு மாறிவிடும். படம் துடைத்த மாதிரி இருக்கும். சோற்றில் கல் பொறுக்குகிற வேலை மாதிரி. கல்லோடு சேர்த்து என்ன போனது என்று யார் பார்த்தார்கள்?

வடிக்காத படத்தைத் திறந்தாள். நிறங்களை இழுத்து விரித்தாள். குளத்துக்கு வடக்கே, மற்றச் சிவப்பைவிடக் கொஞ்சம் கடுஞ்சிவப்பாக, ஒரு கோடு தெரிந்தது. நேர்கோடு இல்லை. மெதுவாக வளைந்து போய், ஓரிடத்தில் எதையோ விலத்துகிற மாதிரிச் சட்டென்று ஒரு கோணல் கோணி, மறுபடி வளைந்து போனது.

இராமலெட்சுமி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேவிட்டாள். அது அப்பாவின் கான்!

அந்தக் கானின் கதையை வீட்டில் வருடத்துக்கு ஒரு தடவையாவது அம்மா எடுப்பார், எடுத்து அப்பாவின் மானத்தை வாங்குவார். தோட்டத்தில் சுடலைமுத்துவின் வேலை கான் வெட்டுவது. மலைச்சரிவில் மழைத்தண்ணீர் மண்ணை அள்ளிக்கொண்டு போகாமல் குறுக்கே வெட்டி மறிக்கிற வடிகால்தான் கான். மலையில் பிறந்து மலையில் வளர்ந்தவருக்கு, கான் இல்லாத வெறும் மண்ணைப் பார்த்தால் உடம்பு கூசும். வன்னியில் இறங்கிய முதல் வருடமே எல்லாரையும் பிடித்து ஒரு பெரிய கான் வெட்டவைத்தார். தட்டையான பூமி. சைக்கிளில் போன பக்கத்து ஊர்க்காரர்கள் காலை ஊன்றி நின்று, "மலை எங்க அண்ணை?" என்று கேட்டுச் சிரித்தார்கள். மாரி வந்தது. கானில் தண்ணீர் ஓடவில்லை, சரிவு இருந்தால்தானே ஓட. நிரம்பி அப்படியே நின்றது. நுளம்பு பெருகிக் கடித்தது. சுடலைமுத்து ஆறு என்று அதற்குப் பெயரும் வந்தது. நல்ல காலம், எவரும் அதை மூடப் போகவில்லை. மூடவும் ஆள்பலம் வேண்டுமே.

"என்ன பிள்ள, சாப்பிடேல்லையா?"

ஹியூபேட் பின்னால் நின்றார். திரையைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

"இது எங்கால வந்தது? முந்தி இருக்கேல்லையே."

"வடிச்சதில போயிட்டுது சேர். வடிக்காமப் பாத்தனான்."

"ஆ, பழைய அணைக்கட்டு. ராசாக்கள் காலத்தில கட்டின குளமொண்டு இருந்திருக்கும். வன்னி முழுக்க இப்பிடித்தானே." அவர் ஆர்வமாகக் குனிந்தார். "வடிவாத்தான் இருக்கு. ஆனா முதுகாட்டுக்கு இது பங்கமில்லை."

"அணையில்ல சேர். கான்."

"கானோ? காட்டுக்குள்ள வந்து ஆர் கான் வெட்டினது?"

சொல்லாமல் விடலாம். அணை என்றே இருக்கட்டும் என்று தலையை ஆட்டிவிட்டுச் சோற்றுப் பார்சலை அவிழ்க்கலாம். அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனால் அந்தக் கேள்விக்குச் சரியான பதில் இந்தக் கொழும்பில் மூன்று பேருக்குத்தான் தெரியும் என்ற நினைப்பு அவளை விடவில்லை.

"எங்கப்பா சேர்" என்றாள்.

ஹியூபேட் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அவள் அந்த எட்டு வருடத்தையும் சொல்லி முடித்தாள். ஒரு ரயில் போனது. படம் நடுங்கி நின்றது.

"இத வேற ஆரிட்டயும் சொன்னீரா?"

"இல்ல சேர்."

"சொல்லவேண்டாம்." தாடையைத் தடவினார். "லெட்சுமி, நான் உம்ம நம்புறன். ஆனா நான் நம்புறது காணாது. 'எங்கட கந்தோர்ப் பிள்ள சொன்னது' எண்டு ரிப்போட்டில எழுத ஏலாது. எழுதினா உமக்குத்தான் ஆபத்து. படமே சொல்லோணும். இந்தக் கோடு அணையாயும் இருக்கலாம், யானைப் பாதையாயும் இருக்கலாம். ஒரு கோட்ட வச்சு ஒரு ஊரக் கட்ட ஏலுமோ?"

சொல்லிவிட்டாரே தவிர, ஹியூபேட் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பயந்த மனிதர்தான், ஆனால் ஒரு விஷயம் பிடிபடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"உங்கட அப்பாவுக்கு இந்தக் கான் எப்பிடிப் போகுதெண்டு இன்னும் ஞாபகமிருக்குமோ?"

"மறக்கிறதா? அம்மா மறக்க விட்டாத்தானே."

"அப்ப ஒண்டும் சொல்லாதேயும். படத்தப் பற்றி ஒரு சொல்லும் வாயில வரக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய நான் வாறன்."

ஞாயிற்றுக்கிழமை வந்தார். படத்தைக் கந்தோரைவிட்டு வெளியே கொண்டுவருவது முடியாத காரியம். ஆகவே ஒரு கண்ணாடித்தாளைத் திரையில் வைத்து, ஊரும் பெயரும் இல்லாமல் அந்தக் கோட்டை மட்டும் கறுப்பு மையால் கீறி, சேட்டுப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். சந்தியில் காவல் நின்ற சென்றிப் பொலிஸ்காரன் அதை இழுத்தெடுத்து வெயிலுக்குப் பிடித்து, "மே மொகத?" என்று சிங்களத்தில், இது என்னவென்று கேட்டானாம். "மகே ஹதவதே ரிப்போட் எக மாத்தயா" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினாராம் ஹியூபேட். இருதயத்து ரிப்போட் என்றதும் அவன் அவருடைய வயதைப் பார்த்துவிட்டு, இரக்கப்பட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டானாம். இதைச் சொல்லிவிட்டு வாசலிலேயே நின்று வியர்வையைத் துடைத்தார். "உண்மையிலயும் இருதயம் நிண்டுபோச்சு" என்றார்.

பழனியம்மா பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மகளுடைய கந்தோர் ஐயா வீடு தேடி வந்திருக்கிறார் என்றால் ஒன்று கலியாணம் பேச, இல்லாவிட்டால் வேலையை நிறுத்த. இரண்டுக்கும் ஆயத்தமான முகத்தோடு தேத்தண்ணீர் ஊற்றினார். ஹியூபேட் நாற்காலியில் இருக்காமல் சிமெந்துத் தரையில் சப்பணம் கட்டி உட்கார்ந்தார்.

"ஐயா, நீங்க பெரிய கான் ஒண்டு வெட்டினீங்களாம். அது எப்பிடிப் போகுதெண்டு ஒருக்காக் கீறிக் காட்டுவீங்களோ?"

சுடலைமுத்து மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "வெளி ஆளுகிட்டயும் சொல்லிட்டியா?"

"நா ஒண்ணும் சொல்லலயே" என்று பழனியம்மா சிரிப்பை அடக்கினார்.

வீட்டில் கீற என்ன இருக்கிறது? இடியப்பத்துக்கு வறுத்த அரிசிமாவில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு சுடலைமுத்து தரையில் குந்தினார். "மாவ வீணாக்காதீங்க" என்ற சத்தத்தைக் காதில் வாங்கவேயில்லை. இது குளம், இது சங்கக்கடைக்குப் போற ரோட்டு, இது நம்ம வீடு, இது மாரிமுத்து வீடு என்று புள்ளிகள் வைத்துவிட்டு, குளத்தடியில் தொடங்கி மாவை விரலிடுக்கால் ஒழுகவிட்டு ஒரே இழுப்பில் இழுத்தார். ஓரிடத்தில் வந்து வெடுக்கென்று விலகினார்.

"இங்கன ஒரு பாலை மரம். அத வெட்டல. அதுக்கடியிலதான் முனியாண்டிய வச்சிருந்தோம். சாமிய வெட்டிக்கிட்டா கான் கொண்டு போறது? சுத்திப் போனோம்."

ஹியூபேட் கண்ணாடித்தாளை எடுத்து மாக்கோட்டுக்கு மேலே பிடித்தார். முகம் விழுந்துவிட்டது. கோணல் மறுபக்கத்தில் இருந்தது. இராமலெட்சுமி மாக்கோட்டை இன்னொரு தடவை எட்டிப் பார்த்தாள்.

"இந்தாங்க, நீங்க அங்கிட்டு இருந்து பாத்தா எப்பிடித் தெரியும்?" என்றார் பழனியம்மா. "இவரு அவரு பக்கத்துல இருந்துல்ல கீறியிருக்காரு. இங்கிட்டு வாங்க."

ஹியூபேட் எழும்பிச் சுற்றி வந்து சுடலைமுத்துவின் தோளோடு தோளாகக் குந்திக்கொண்டு தாளைப் பிடித்தார். முதல் வளைவு பொருந்தியது. முனியாண்டியின் கோணல் பொருந்தியது. கடைசி வளைவில் மட்டும் சுடலைமுத்து கானை நிஜத்தைவிட இரண்டு மடங்கு நீளமாக இழுத்திருந்தார். கொஞ்சம் பெருமை இருக்கத்தானே செய்யும்.

"யேசுவே" என்றார் ஹியூபேட். உடனே தன்னைத்தானே அடக்கிக்கொண்டார். "ஆனா மகள் முன்னமே சொல்லிக் குடுத்திருக்கலாம் எண்டு கேப்பினம். நானெண்டாலும் கேப்பன்."

அப்போதுதான் பழனியம்மா குனிந்து மாக்கோட்டை நன்றாகப் பார்த்தார். "ஆமா, எங்க கான எங்க காணோம்?"

"எது?" என்றார் சுடலைமுத்து.

"பொம்பளைங்க வெட்டுனது."

"அது கானா? எலி போன தடம்."

"உங்க கான்ல தண்ணி சும்மா நின்னு நாறுது, இத வச்சு நாலு கத்தரிக்காயாச்சும் போடலாமேன்னு நாங்க எட்டுப் பேரு சேந்து வெட்டுனோம்ங்க" என்று ஹியூபேட்டிடம் முறையிட்டார் பழனியம்மா. தானும் ஒரு சிட்டிகை மா எடுத்து, பாலை மரத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருந்து பக்கவாட்டில் ஒரு கோணல்மாணல் கோடு இழுத்தார். கடைசியில் மாவைக் குவித்து வைத்தார். "இதுல ஒரு குழி. குளிக்க, துணி தொவைக்க. இவருக்கு இத எண்ணுறதுக்கே மனசு வராது."

ஹியூபேட் கண்ணாடித்தாளைப் பார்த்தார். அப்படி ஒரு கிளை அதில் இல்லை.

"படத்தில இல்லையே சேர்" என்று இராமலெட்சுமி மெல்லச் சொன்னாள். அவளுக்கே அந்தக் கான் மறந்துபோயிருந்தது.

"இல்ல எண்டதுதான் பிள்ள நல்லது!" ஹியூபேட்டின் கண்கள் மின்னின. "நாங்க ரெண்டு பேரும் காணாத ஒண்ட அம்மா சொல்லிப்போட்டா. அது அங்க இருந்தா, அதுக்குப் பிறகு ஒருத்தரும் வாய் திறக்க ஏலாது. இல்லாட்டி..." மாவில் மிதிக்காமல் கவனமாகக் காலைத் தூக்கி வைத்து வெளியேறினார்.

மறுநாள் இரண்டு பேரும் கந்தோருக்கு நேரத்தோடு வந்துவிட்டார்கள். அதே செய்மதி அதே ஆடி நாளில் கறுப்பு வெள்ளையில் இன்னொரு படமும் எடுத்திருந்தது. அதில் ஒரு கட்டத்தின் பக்கம் பாதி அளவுதான், ஆகவே இன்னும் நுணுக்கம். எடைக்கணக்குக்கு உதவாது என்று அதை யாரும் திறந்ததில்லை. இராமலெட்சுமி திறந்தாள். சாம்பலுக்குள் சாம்பல். அப்பாவின் கான் பட்டையாகத் தெரிந்தது. பாலை மரத்துக்கு முன்னால் ஒன்றும் இல்லை.

அவள் வெளிச்சத்தைக் கூட்டினாள், குறைத்தாள். ஹியூபேட் பிளேன்ரீயைக் குடிக்காமல் ஆறவிட்டார். காடு முழுவதையும் ஒரே சாம்பலாக வைத்துப் பார்க்கிறோமே, அந்தச் சின்னத் துண்டுக்குள் இருக்கிற வித்தியாசத்தை மட்டும் இழுத்து விரித்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. துண்டை வெட்டியெடுத்து விரித்தாள். திரை ஒரு தடவை வெளிறி, மெல்ல மெல்ல நிரம்பியது.

பாலை மரத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருந்து, கோணல்மாணலாக, எலி போன தடம் மாதிரி ஒரு மெல்லிய கோடு பிரிந்து போனது. அதன் முடிவில் கரும்புள்ளி ஒன்று. அம்மா மாவைக் குவித்த இடம்.

இராமலெட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. எட்டுப் பெண்கள் கத்தரிக்காய்க்காக வெட்டினது, சந்திரனுக்குப் போகிற வழியில் இருந்து தெரிகிறது! ஹியூபேட் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

பிறகு வேலை விறுவிறென்று நடந்தது. முதுகாடு என்பதை அழித்து, பழைய குடியிருப்பு, கைவிடப்பட்ட பின் வளர்ந்த இளங்காடு என்று ஹியூபேட் தட்டினார். எடைக் கணக்கு பாதிக்கும் கீழே இறங்கியது. "காசு குடுக்கிற வெள்ளக்காரன் கவலப்படப் போறான், காடு மெலிஞ்சுபோச்செண்டு" என்றார். ஒரு காட்டின் எடை குறைந்ததற்காக உலகத்தில் எவராவது சந்தோஷப்பட்டிருந்தால் அது அன்றைக்கு இராமலெட்சுமிதான்.

"எப்பிடித் தெரியும் எண்டு கேக்கிற இடத்தில என்ன சேர் போடுறது?"

"படத்தில தெரியுதெண்டு போடுவம். கிளையும் குழியுமா ராசா ஒருத்தரும் அணை கட்டேல்ல. உம்மட பேர் எங்கயும் வராது." விரலை விசையில் வைத்துக்கொண்டு திரும்பினார். "ஊருக்கு என்ன பேர்?"

"புதுத்தோட்டம்."

"பேர் ஊர்ச்சனம் சொன்னதெண்டு போட்டாப் போதும்" என்றபடி அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். பதினாறு வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயரை யாரோ எழுதுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் முழுப் படத்தையும் பார்த்தார்கள். வடக்கே எட்டுகிறவரை சிவப்பு, நல்ல அடர்ந்த சிவப்பு. அதில் எந்தச் சிவப்பு காடு, எந்தச் சிவப்பு இரண்டு படங்களுக்கு நடுவே இருந்துவிட்டுப் போன ஊர் என்று யாருக்குத் தெரியும்? "எல்லாத்தையும் வடிக்காமத் திறவும்" என்றார் ஹியூபேட்.

அன்று வீட்டுக்கு வந்தபோது அம்மா இடியப்ப உரலைப் பிழிந்துகொண்டிருந்தார், அப்பா ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். இராமலெட்சுமி ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவிட்டு, சுவருக்கும் கேட்காத குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். வானத்திலிருந்து கான் தெரிகிறது என்றாள். அம்மாவின் கானும் தெரிகிறது என்றாள். அந்த இடத்தை இனி ஒருவரும் சும்மா காடு என்று எழுத முடியாது என்றாள்.

சுடலைமுத்து குனிந்து தரையைப் பார்த்தார். நேற்றுக் கூட்டிய பிறகும் சிமெந்து வெடிப்பில் கொஞ்சம் மா ஒட்டியிருந்தது.

"தண்ணி நிக்குதா?" என்று கேட்டார்.

"படம் எடுத்தது ஆடி மாசம்ப்பா. சுத்தி எல்லாம் வெயில்ல வாடிப்போயிருக்கு. கான் ஓரத்து மரம் மட்டும் செழிப்பா நிக்குது. ஈரம் இல்லாம நிக்காது."

சுடலைமுத்துவின் முகத்தில் இருபது வருடத்துக் கேலி அத்தனையும் ஒருசேரக் கழன்று விழுந்தது. "கேட்டியா பழனியம்மா? ஆடி மாசத்துல!"

பழனியம்மா உரலைக் கீழே வைத்தார். "ஆளே இல்லாத எடத்துல தண்ணி நின்னு என்னா பண்றதுங்க?" என்றார். கேலி செய்கிற குரல்தான், ஆனால் பாதியில் உடைந்துவிட்டது.

"நிக்கட்டும்" என்றார் சுடலைமுத்து. "நாம போறப்ப வேணும்ல."

பழனியம்மா இந்தத் தடவை சிரிக்கவில்லை.